ஒரு கல்லூரி மைதானத்தில் ஒரு லட்சம் பேர்: யார் கட்டினார்கள், எப்படி?

கானாடுகாத்தான்காரன்:
மகள் அமெரிக்காவில், ஆன் ஆர்பர் ஊரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். போன சனிக்கிழமை ராத்திரி வீடியோ காலில் மைதானத்தைக் காட்டினாள். 1,07,601 பேர் உட்காரலாமாம். 2011 கணக்கெடுப்பில் காரைக்குடி நகராட்சியின் மக்கள்தொகையே 1,06,714தான்! நான் கல்லூரியில் ஃபுட்பால் ஆடிய காலத்தில் கோட்டுக்கு வெளியே நாற்பது பேர் நின்றால் பெரிய கூட்டம். பிள்ளைகள் ஆடுகிற ஆட்டத்துக்கு இவ்வளவு பணம் யார் கொடுத்தது? அரசாங்கமா?

தேவகோட்டைத் தம்பி:
அண்ணே, நான் அந்தப் பக்கம்தான் வேலை பார்க்கிறேன். அரசாங்கம் இல்லை, கடன் பத்திரம். ஃபீல்டிங் யோஸ்ட் என்று அந்தப் பல்கலைக்கழக அணியின் பழைய பயிற்சியாளர். பிறகு விளையாட்டுத் துறைக்கே தலைவர். 500 டாலர் வீதம் 3,000 பத்திரம் போட்டு ஜனங்களிடம் விற்றார். வாங்கியவர்களுக்கு வட்டியும் உண்டு, நல்ல இடத்தில் டிக்கெட் வாங்கும் உரிமையும் உண்டு. 1927 அக்டோபர் 1இல் முதல் ஆட்டம். அப்போது 72,000 இருக்கைதான். ஆனால் ஒரு நாள் லட்சம் பேர் வருவார்கள் என்று நம்பி, அதைத் தாங்குகிற அளவுக்கு அப்போதே அஸ்திவாரம் போடச் சொல்லிவிட்டார். 1956இல் 1,01,001 ஆனது.

இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் அத்தனை பெரிதாகவே தெரியாது. முக்கால்வாசி மண்ணுக்குள் இருக்கிறது. கேட்டில் நுழைந்ததும் காலடியில் வரிசை வரிசையாகப் படி இறங்குகிறது, அடியில் பச்சையாகத் தரை. முதல் தடவை பார்த்தபோது எங்கள் ஊர் ஊருணி வற்றிக் கிடந்த கோடைதான் நினைவுக்கு வந்தது. தோண்டும்போது ஊற்றுத் தண்ணீர் பெரிய தொல்லை கொடுத்ததாம். ஒரு கிரேன் சேற்றில் புதைந்து இன்னமும் அடியில் கிடக்கிறது என்று இங்கே கதை சொல்வார்கள்.

பள்ளத்தூர் மீனா:
அங்கே ஆடுவது நம் ஃபுட்பால் இல்லை அண்ணே, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது. ஆனால் நம் ஆட்டமும் ஒரு முறை நடந்தது. 2014 ஆகஸ்ட் 2, மான்செஸ்டர் யுனைடெட், ரியல் மாட்ரிட் என்ற இரண்டு ஐரோப்பிய கிளப் அணிகள் மோதின. 1,09,318 பேர். அமெரிக்காவில் அதுவரை நம் ஃபுட்பாலுக்கு அவ்வளவு கூட்டம் சேர்ந்ததே இல்லை.

கானாடுகாத்தான்காரன்:
தம்பி, ஊருணி என்றதும் எனக்கு அப்படியே கண்ணில் வந்துவிட்டது. எங்கள் ஐயா பர்மாவில் லேவாதேவி பார்த்தவர். கடன் பத்திரம் போட்டு மைதானம் கட்டிய கணக்கைக் கேட்டிருந்தால் வட்டி எத்தனை என்றுதான் முதலில் விசாரித்திருப்பார். அது எத்தனை?

தேவகோட்டைத் தம்பி:
3 சதவீதம் அண்ணே.