மறு: ஸ்டோரி எடிட்டர் – 'கதைப் பொறுப்பாசிரியர்' எனலாமா?

வணக்கம் நண்பர்களே,

'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடருக்கு எழுதிய டி. சி. ஃபொன்டானா என்ற பெண் எழுத்தாளர் பற்றிய கட்டுரைக்காக, அவர் வகித்த 'ஸ்டோரி எடிட்டர்' பதவிக்குத் தமிழ்ச்சொல் தேடத் தொடங்கிய இழை இது. முந்தைய மடலில் வந்த 'கதைத் தொகுப்பாளர்' எனக்கு ஒப்பவில்லை. தொகுப்பாளர் என்றதும் படத்தை வெட்டி ஒட்டுபவரோ, மைக் பிடித்து நிகழ்ச்சி நடத்துபவரோதான் நினைவுக்கு வருகிறார். 'கதைத் திருத்துநர்' பரவாயில்லை. ஆனால் ஒற்றுப்பிழை பார்க்கிற வேலையாகச் சுருங்கிவிடுகிறது.

அந்த அம்மா என்ன செய்தார் என்று பார்த்துவிட்டுச் சொல் தேடுவோம். அலுவலகச் செயலாளராக இருந்துகொண்டே 21 வயதில் ஒரு கௌபாய் தொடருக்குக் கதை விற்றவர். பிறகு, ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியிடம் செயலாளர். ஸ்டார் ட்ரெக்குக்கு ஜெர்ரி சோல் எழுதிய ஒரு கதை சரியாக அமையவில்லை. அதைத் திருப்பி எழுதிச் சரிசெய்தால் ஸ்டோரி எடிட்டர் பதவி தருவதாக ராடன்பெரி சொன்னார். சோலின் பிரதியில் காதலில் விழுபவர் சுலு என்ற விண்கப்பல் அதிகாரி. ஃபொன்டானா காதலை ஸ்பாக் என்ற இன்னோர் அதிகாரியிடம் கொண்டுபோனார். அவ்வளவுதான், கதைக்கு உயிர் வந்துவிட்டது! உணர்ச்சியை அடக்கியே வாழ்ந்தவன், ஒரு செடி தெளித்த வித்துத்தூளால் கட்டவிழ்ந்து மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கிச் சிரிக்கிறான். 1967-ல் ஒளிபரப்பான 'திஸ் சைட் ஆஃப் பாரடைஸ்' அது. பதவியும் கிடைத்தது; அப்போது அவருக்கு வயது 27.

வெளியார் எழுதித் தரும் கதைகளில் ஸ்பாக் ஸ்பாக்காகவே பேசுகிறானா என்று பார்ப்பது, தேவைப்பட்டால் தானே மாற்றி எழுதுவது: இதுதான் வேலை. ஸ்பாக்கின் அப்பா அம்மாவை 'ஜர்னி டு பேபல்' கதையில் நம் கண்முன் கொண்டுவந்தவரும் இவரே.

அந்தப் பொறுப்பை விட்ட பிறகு நடந்ததையும் பாருங்கள். அதே தொடரில் வரும் மருத்துவர் மெக்காயின் மகளை வைத்து அவர் எழுதிய கதை, பிறர் கைபட்டு 'தி வே டு ஈடன்' ஆனது. தன் பெயர் வேண்டாம் என்று 'மைக்கேல் ரிச்சர்ட்ஸ்' என்ற புனைபெயரைப் போடவைத்தார். படிக்கும்போதே மனம் வலிக்கிறது.

நம் பத்திரிகைகளில் 'பொறுப்பாசிரியர்' உண்டு. வருவதைப் படித்து, செப்பனிட்டு, இதழின் குரல் பிசகாமல் காப்பவர். தொலைக்காட்சித் தொடருக்கு அதே ஆள்தான் ஸ்டோரி எடிட்டர். ஆகவே என் பரிந்துரை: கதைப் பொறுப்பாசிரியர்.

கதாசிரியரோடு குழம்பாதா என்று கேட்கலாம். 'சார்லி எக்ஸ்' பகுதிக்குக் கதை ராடன்பெரி, திரைக்கதை ஃபொன்டானா. 'கதை', 'திரைக்கதை' இரண்டையும் டைட்டிலில் போடுவதுபோல அப்படியே வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. அப்புறம், 'ஆசிரியை' வேண்டாம். பெண் என்று ஒதுக்கிவிடக் கூடாதே என்று 'டி. சி.' என்ற முதலெழுத்துகளோடு எழுதியவர் அவர். ஆசிரியர் என்பது இருபாலுக்கும் பொருந்தும்.

இன்னொன்று பாக்கி. 1973-ல் வந்த ஸ்டார் ட்ரெக் அனிமேஷன் தொடரில் அவர் அசோசியேட் புரொடியூசரும்கூட. அதற்கு 'இணை' போடுவதா, 'துணை' போடுவதா? சினிமாவில் வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.