வெளிநாட்டில் பைலட் பயிற்சி: எங்களுக்கு வாய்த்த இன்ஸ்ட்ரக்டர்கள்

திருச்சிக்காரன்:

போன வாரம் சித்தப்பா பையன் போன் பண்ணினான். பிளஸ் டூ முடிஞ்சது, கிளாஸ் 2 மெடிக்கல் முடிஞ்சது, டிஜிசிஏ (நம்ம நாட்டு விமானத் துறை ஆணையம்) பரீட்சை எழுதறதுக்கான கம்ப்யூட்டர் நம்பரும் வாங்கியாச்சு. “அண்ணா, எந்த ஸ்கூல்?” நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள வாட்ஸ்அப்ல ஒரு பிரவுச்சர் வந்து விழுந்தது. ஃப்ளோரிடா. 40 விமானம், கிளாஸ் காக்பிட் (முள்ளு மீட்டருக்குப் பதிலா ஸ்கிரீன்), நீச்சல் குளத்தோட அபார்ட்மென்ட். பக்கத்து சீட்ல உட்கார்ந்து கத்துக்கொடுக்கப் போற ஆளைப் பத்தி ஒரு வரி கிடையாது. 2017-ல நானும் இப்படி ஒரு பிரவுச்சரை நம்பித்தான் கிளம்பினேன் (வேற ஸ்கூல், பேர் வேண்டாம்). அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிடறேன். வெளியில போய்க் கத்துக்கிட்டவங்க உங்க கதையையும் சொல்லுங்க.

முதல் லைசென்ஸ் எடுக்கிறதுக்குள்ள எனக்கு நாலு இன்ஸ்ட்ரக்டர்.

முதல் ஆள் 26 வயசு, தங்கமான மனுஷன். ஆனா அவர் லாக்புக்ல (பறந்த நேரத்தை எழுதி வெக்கிற நோட்டு) அப்பவே 1,380 மணி நேரம். அதோட அர்த்தம் எனக்கு அப்போ புரியலை. 2009 பிப்ரவரியில பஃபலோ பக்கத்துல கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம் அமெரிக்காவுல சட்டத்தை இறுக்கிட்டாங்க. 2013-லேர்ந்து ஏர்லைன்ல கோ-பைலட்டா உட்காரவே பொதுவா 1,500 மணி நேரம் வேணும். முன்னாடியெல்லாம் 250 மணி நேரத்துல வாங்கற கமர்ஷியல் லைசென்ஸே போதுமா இருந்தது. மிச்ச மணி நேரத்தைச் சொந்தக் காசுல பறக்க யாரால முடியும்? அதனால இன்ஸ்ட்ரக்டர் ஆயிடறாங்க. நாம காசு கட்டிப் பறக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அவங்க லாக்புக்லயும் ஏறும். குத்தம் சொல்லலை, அவங்களுக்கு வேற வழி இல்ல. ஆனா 1,380-ல இருக்கிறவர் இன்னும் 120 மணி நேரத்துல பெட்டி கட்டிடுவார்னு கூட்டிக் கழிச்சுப் பார்க்க எனக்குத் தோணலை. ஏழு வாரம். ஒரு வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் பீட்சா வாங்கிக் கொடுத்துட்டுப் போயிட்டார்.

ரெண்டாவது ஆள், “முதல்ல நீ எந்த லெவல்ல இருக்கேன்னு பார்க்கணும்”னு மூணு தடவை பழைய பாடத்தையே ஓட்டவெச்சார். செலவு என்னுது. முதல் ஆள் ஓடுதளத்துக்கு மேல வந்ததும் பவரைக் குறைக்கச் சொன்னார். இவர் தரை தொடற வரைக்கும் கொஞ்சம் பவர் இருக்கட்டும்னார். ரெண்டுமே சரிதான்னு இப்போ தெரியும். அப்போ எனக்கு லேண்டிங்கே மறந்துபோச்சு. செஸ்னா 172 தவளை மாதிரி குதிக்கும், அவர் வெடுக்குனு யோக்கை (விமானத்தோட ஸ்டியரிங் மாதிரி) பிடுங்குவார். கடைசிவரைக்கும் அவர் கை அதை விட்டு நகரவே இல்ல. பலரும் 15, 20 மணி நேரத்துல தனியாப் பறந்துடறாங்க. நான் 31 மணி நேரம் ஆகியும் தனியாப் பறக்கலை. ஒண்ணைக் கவனிங்க: நம்ம டிஜிசிஏ கேட்கிற 200 மணி நேரத்துல 100 நீங்களே கமாண்டரா இருந்து பறந்ததா இருக்கணும். இப்படி வீணாப்போறதெல்லாம் அந்த நூறுல சேராது.

மூணாவது ஆளைப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்ல. போனையே பார்த்துட்டிருந்தார்.

நாலாவது ஒரு பெரியவர். சரக்கு விமானம் ஓட்டி ரிட்டயர் ஆனவர், வாரத்துல மூணு நாள்தான் வருவார். பசங்க அவர்கிட்ட போகமாட்டாங்க, “மெதுவா இழுப்பாரு”ன்னு பேர். முதல் நாள் 40 நிமிஷம் போர்டுலயே பாடம். எனக்கு எரிச்சல். அப்புறம்தான் விஷயம் புரிஞ்சது: எஞ்சின் ஓடற நேரத்தைக் கணக்கு வெக்கிற ஹாப்ஸ் மீட்டர் ஓடினா எனக்குக் காசு ஓடும், அதனால விளக்கம் எல்லாத்தையும் கீழேயே முடிச்சுடுவார். மத்தவங்க எஞ்சின் ஸ்டார்ட் பண்ணிட்டுத்தான் வாயையே திறப்பாங்க. மேல போனா ரெண்டு கையையும் தொடைமேல வெச்சுக்குவார். ஒரு நாள் தாழ்ந்து வந்துட்டிருக்கேன், வேகமும் இறங்குது. ஓடுதளத்துப் பக்கத்துல, இறங்கற உயரம் சரியான்னு காட்டற பாபி விளக்கு நாலும் சிவப்பு, அதாவது ரொம்பத் தாழ்வு. அவர் கை அசையலை. “என்ன தெரியுது?”ன்னு மட்டும் கேட்டார், என்னமோ வேடிக்கை பார்க்க வந்தவர் மாதிரி. நாலு சிவப்புன்னு சொல்லிக்கிட்டே பவர் கொடுத்தேன். அப்புறம் என் லேண்டிங் குதிக்கலை.

அஞ்சாவது தடவை அவரோட பறந்தப்போ நடுவுல இறங்கிட்டு, கையில ஒரு வாக்கிடாக்கியோட புல்தரையில நின்னுக்கிட்டார். தனியாப் போயிட்டு வந்தேன். அங்கத்து வழக்கப்படி என் சட்டையோட முதுகுத் துணியை வெட்டித் தேதி எழுதிக் கொடுத்தார். வீடியோ கால்ல அம்மா, “நல்ல சட்டையை ஏன்டா கிழிச்சான்?”

ஸ்கூலை மாத்தியிருக்கலாமேன்னு கேட்பீங்க. எம்-1 விசாவுல (அமெரிக்காவுல தொழிற்பயிற்சிக்கான விசா) போனா, ஆறு மாசம் தாண்டிட்டா நம்ம கைமீறின காரணம் இருந்தாலொழிய மாத்த முடியாது. அதுக்குள்ள மாத்தினாலும் ஐ-20 (ஸ்கூல் கொடுக்கிற அனுமதிப் படிவம்) புதுசா வேணும், நான் போனப்போ பாதுகாப்பு அனுமதி வேலையும் மறுபடி செய்யவேண்டியிருந்தது. அதனால பணம் கட்டறதுக்கு முன்னாடியே கேளுங்க: எனக்கு யார், அவருக்கு எத்தனை மணி நேரம் ஆச்சு, அவர் போனா யார்? ஸ்கூல் அறிமுகப்படுத்தற பையனைக் கேட்டுப் பிரயோஜனமில்ல. நீங்களே ஒருத்தனைத் தேடிப் பிடிச்சு, “போன வாரம் எத்தனை தடவை பறந்தே?”ன்னு கேளுங்க.

நாமக்கல் அப்பா:

தம்பி, பணம் கட்டினவன் பேசறேன். எனக்கு லாரித் தொழில். பழைய லாரி வாங்கினா சேசிஸ் நம்பர் பார்ப்பேன், எஃப்சி பார்ப்பேன், எஞ்சின் சத்தத்தை ஒரு நாள் முழுக்கக் கேட்பேன். மகன் படிப்புக்கு மட்டும் ஏஜென்ட் காட்டின போட்டோவைப் பார்த்துப் பணம் கட்டினேன். பிலிப்பைன்ஸ். முழுசாக் கட்டினா தள்ளுபடின்னாங்க, நிலத்தை வெச்சுக் கட்டினேன்.

பையன் போய் இறங்கினா, போட்டோவுல இருந்த ஒன்பது விமானத்துல மூணுதான் பறக்குது. மீதி உதிரிபாகத்துக்குக் காத்துக் கிடக்குது. பசங்க நாப்பது பேருக்கு மேல. 100 மணி நேரம் ஓடினா ஒருக்கா பிரிச்சுப் பார்க்கணுமாம், அதுக்கு வெளியில இருந்து மெக்கானிக் வரணுமாம். அதுக்குள்ள மழை, புயல் சீசன். 11 மாசத்துல 62 மணி நேரம். இன்ஸ்ட்ரக்டரைப் பத்தி அவன் ஒரு குறை சொன்னதில்ல, நல்ல மனுஷனாம். விமானம் இல்லாம நல்ல மனுஷன் என்ன பண்ணுவார்?

பின்னால ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராம அந்தப் பிரவுச்சரை எடுத்துப் பார்த்தேன். வால் பக்கத்துல நம்பர் எழுதியிருக்கும், ஆர்பி-சின்னு ஆரம்பிக்கும். ஒன்பது போட்டோவுல நாலு நம்பர்தான். ஒரே வண்டியைச் சுத்திச் சுத்திப் படம் எடுத்திருக்கான். இதை ஒரு லாரிக்காரன் முன்னாடியே பார்த்திருக்க வேண்டாமா?

மீதிப் பணம் திரும்ப வரலை. இப்போ வேற நாட்டுல முடிச்சிட்டிருக்கான். பத்து பத்து மணி நேரமாத்தான் கட்டறேன்.

மார்க்கம் பெடியன்:

நான் கனடா. திருச்சி அண்ணை சொன்னது சரி, ஆனா வயசு போனவர்தான் நல்லவர் எண்டு ஆரும் எடுத்துப்போடாதேங்கோ. எனக்கு மாறித்தான் நடந்தது.

இங்க இன்ஸ்ட்ரக்டர்மாருக்கு நாலு வகுப்பு. புதுசா வாறவை கிளாஸ் 4. அவை கிளாஸ் 1 இல்லாட்டி கிளாஸ் 2 ஒராளின்ர மேற்பார்வையிலதான் படிப்பிக்கலாம். எனக்கு முதல்ல கிடைச்சவர் பெரிய அனுபவசாலி, கிளாஸ் 2. ரேடியோவில ஒரு சொல் பிழைச்சாக் காணும், ஹெட்செற்றுக்குள்ள கத்துவார். நான் டவரோட கதைக்கவே பயந்து, கார் ஓடேக்க தனியக் கதைச்சுப் பழகினனான். எட்டுப் பாடத்தோட விட்டிட்டன்.

பிறகு வந்தவா கிளாஸ் 4, இருபத்திமூண்டு வயசு. நான் கேட்ட ஒரு கேள்விக்கு, “எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்லுறன்” எண்டா. அடுத்த நாள் தன்ர மேற்பார்வையாளரையே கூட்டிக்கொண்டு வந்து மூண்டு பேரும் இருந்து கதைச்சம். அண்டைக்கே எனக்குப் பயம் போட்டுது. ஒரு மாசிமாசக் காலமை மைனஸ் 18, சிறகில மெல்லிசா வெண்பனி. நான் துடைச்சது காணும் எண்டு நினைச்சன். அவா கையுறையைக் கழட்டி விரலால தடவிப் பாத்திட்டு, இன்னும் இருக்கு எண்டா. திரும்ப முழுசாத் துடைச்சம். அவ்வளவுதான் அண்டைய பாடம், பொழுது போட்டுது. காசும் எடுக்கேல்ல.

இன்னொண்டு. விமான நிலையத்தையும் விசாரியுங்கோ. பட்டன்வில் எங்கட வீட்டில இருந்து பத்து நிமிசம். 2023 நவம்பர் முடிவோட மூடியாச்சு. என்னோட பழகின பெடியள் ஓஷாவா, பீற்றர்பரோ எண்டு சிதறிப் போச்சினம். வாகனம் இல்லாத பெடியனுக்கு அதோட படிப்பு நிண்டுது.

முடியுமெண்டால் காசு கட்டமுதல் ரெண்டு மூண்டு பேரோட அறிமுகப் பறப்பு ஒண்டு செய்து பாருங்கோ. ஒரு மணித்தியாலத்தில தெரிஞ்சிடும்.

சேலம் டு ஜோபர்க்:

சுருக்கமா என் கதை. ஜோகன்னஸ்பர்க் பக்கம் நான் கத்துக்கிட்ட ஏர்ஃபீல்டு கடல் மட்டத்துலேர்ந்து 5,300 அடிக்கு மேல. ஓடுதளமே நம்ம ஏற்காட்டைவிட உயரம். ஒரு நாள் காலை 11 மணி ஸ்லாட், இன்ஸ்ட்ரக்டர் கேன்சல்னுட்டார். வானத்துல ஒரு துளி மேகம் இல்ல. ரெண்டு வாரம் காத்திருந்த ஸ்லாட், நான் சண்டைக்கே போயிட்டேன். அவர் ஒரு பேப்பரை நீட்டி, “வெப்பம் 30 டிகிரி, டென்சிட்டி ஆல்டிட்யூட் போடு”ன்னார். சூட்டுல காத்து லேசாயிடும், அப்போ விமானத்துக்கு அது எத்தனை அடி உயரத்துல பறக்கிற மாதிரி இருக்கும்ங்கிற கணக்கு அது. போட்டேன். 8,000 அடியைத் தாண்டுச்சு. “டேங்க் நிறைய பெட்ரோலோட, நாம ரெண்டு பேரோட எடையையும் சேர்த்து இப்போ டேக்-ஆஃப் தூரம் பார்.” பார்த்தேன், பேசாம கேன்டீனுக்குப் போயிட்டேன்.

பறக்காத நாளுக்கு அவருக்குச் சம்பளம் கிடையாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சது.

திருச்சிக்காரன்:

மார்க்கம் தம்பி, ஒத்துக்கறேன். என் பெரியவர் நல்லவரா இருந்ததுக்கு அவர் வயசு காரணமில்ல. மணி நேரத்துக்கு அலைய வேண்டிய அவசியம் அவருக்கு இல்ல, அது ஒரு பாதி. மீதி அவர் குணம்.

நாமக்கல் ஐயா, நீங்க சொன்னதைப் படிச்சிட்டு சித்தப்பா பையனோட பிரவுச்சரை ராத்திரி உட்கார்ந்து பெரிசு பண்ணிப் பார்த்தோம். 40 விமானம்னு போட்டிருக்கு. கண்ணுக்குத் தெரியற வால் நம்பர் ஆறு. ஹேங்கருக்குள்ள மீதி இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

அப்புறம் அவனே மெயில் போட்டுக் கேட்டான்: எனக்கு யார் இன்ஸ்ட்ரக்டர், அவருக்கு எத்தனை மணி நேரம், பாதியில போனா என்ன செய்வீங்க? பதில் அரை மணி நேரத்துல வந்தது. வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டினா அபார்ட்மென்ட் வாடகை முதல் மாசம் இலவசமாம்.