யோவான் முதல் அதிகாரத்தில் சிக்கிக்கொண்டோம், உதவுங்கள்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டில் ஆறேழு பேர் உட்கார்ந்து வேதம் வாசித்துப் பேசுவோம். பிரசங்கமெல்லாம் கிடையாது, டீயும் சண்டையும்தான்.

போன வாரம் யோவான் 1:1. என் பைபிளில் "ஆதியிலே வார்த்தை இருந்தது". பக்கத்துத் தெரு கத்தோலிக்க அக்கா கையிலிருந்த 1995 பொது மொழிபெயர்ப்பில் "தொடக்கத்தில் வாக்கு இருந்தது". எனக்குத் 'தேவன்', அவருக்குக் 'கடவுள்'. மூலத்தில் உள்ள லோகோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'வாக்கு'தான் பொருத்தம் என்கிறார் அக்கா. 'வார்த்தை'யை விட எனக்கு மனசு வரவில்லை, சின்ன வயதில் மனப்பாடம் செய்தது அப்படி.

அதற்குள் மாமா, "பழைய பாட்டில் பராபரன் என்றுதானே பாடுகிறோம், அது எங்கே போச்சு?" என்றார். தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். பிறகு வந்த இன்னொரு மிஷனரி பப்ரிசியுஸ் தன் மொழிபெயர்ப்பில் கடவுளைப் 'பராபரன்' என்று எழுதினார். பவர் என்பவரின் குழு செய்த 1871 மொழிபெயர்ப்பில் (பவர் திருப்புதல்) அது 'தேவன்' ஆனது. இவ்வளவு தெரியும். ஏன் மாற்றினார்கள் என்று கேட்டதும் வாயடைத்துப்போனேன்.

லுத்தரன் சபைக் குடும்பங்களில் யாரிடமாவது பப்ரிசியுஸ் வேதாகமம் இருந்தால் யோவான் முதல் பக்கத்தைப் படமெடுத்துப் போடுவீர்களா? பவர் குழுவின் விவாதங்களைப் பற்றித் தமிழில் ஏதாவது கட்டுரை இருந்தாலும் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது, மாமா விடமாட்டார்.