மார்டினேட்டே: பட்டடைத் தாளத்துக்கு உதவி தேவை

நண்பர்களே, ஸ்பெயினின் செவில் நகரத்துத் திரியானா பகுதிப் பட்டறைகளில் ஹித்தானோ (ஸ்பெயின் ரோமா இன) கொல்லர்கள் சம்மட்டி ஓசைக்குப் பாடியதுதான் மார்டினேட்டே என்பது ஃபிளமென்கோ (ஸ்பெயினின் பாட்டும் ஆட்டமும் சேர்ந்த கலை) உலகின் நெடுநாள் கதை. கிதார் கிடையாது. பாட்டும் தாளக்கட்டுக்குள் நிற்காமல், தொண்டை கிழிய இழுத்துப் பாடுவது. அதன் உயிரே அங்கேதான். ஆட்டம் சேரும்போதுதான் செகிரியா என்ற ஃபிளமென்கோ தாளம் வரும்: 12 மாத்திரை, 2+2+3+3+2 என ஐந்து தட்டு.

ஐந்து தட்டையும் சம இடைவெளியில் போட்டால் தாளமே கெட்டுவிடும். மூன்றாவதும் நான்காவதும் ஒரு மாத்திரை கூடுதலாக நிற்க வேண்டும். கைதட்டும்போது சரியாக வருகிறது. காலடி வேகமெடுத்ததும் அந்த நீளம்தான் முதலில் சுருங்குகிறது.

குரலும் பட்டடை அடியும் மட்டுமுள்ள நிதானமான ஒலிப்பதிவு யாரிடமாவது இருக்கிறதா? மெட்ரோனோமில் (தாளம் தட்டிக் காட்டும் கருவி) 12 மாத்திரையையும் ஒலிக்கவிடுவதா, ஐந்து தட்டை மட்டுமா? ஆடிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.