கைப்பேசியில் மெயில் வருகிறது, ஆபீஸ் கணினியில் வரவில்லை. அவசரம்!

உபி_கணக்கர் | செவ்வாய், காலை 9:40
வணக்கம். ஆபீஸ் மெயில் நேற்று மதியத்திலிருந்து கணினியில் வரவில்லை. கைப்பேசியில் அதே மெயில் நன்றாக வருகிறது. பாஸ்வேர்டு சரிதான், பத்துத் தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். கணக்கை அழித்துவிட்டு மறுபடியும் அமைத்தேன், அப்போதும் இல்லை. மாதக் கடைசிக்குள் ஜிஎஸ்டி கணக்குப் போக வேண்டும், இன்வாய்ஸ் எல்லாம் அதில்தான் கிடக்கிறது. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

தேக்காவாசி | 9:52
எந்த மென்பொருள்? அவுட்லுக்கா, தண்டர்பேர்டா? மெயிலை இறக்கும் முறை ஐமேப்பா (IMAP), பாப்பா (POP)? இணைப்புக்கான போர்ட் எண்? பிழைச் செய்தி என்ன சொல்கிறது, வார்த்தை மாறாமல்? 'வரவில்லை' என்று மட்டும் சொன்னால், கிளினிக்கில் போய் 'முடியவில்லை டாக்டர்' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி.

ஈசூன்_ஆந்தை | 9:58
ஆன்டிவைரஸ்தான். அதில் மெயில் ஸ்கேன் என்று ஒன்று இருக்கும், அணைத்துவிடுங்கள். போன வருடம் எனக்கும் இதே கதை.

பழைய_மோடம் | 10:15
தம்பி, இதெல்லாம் அரிச்சுவடி. மெயில் உள்ளே வருவதற்கு ஐமேப், போர்ட் 993, பூட்டுக்கு எஸ்எஸ்எல். வெளியே போவதற்கு 465, இல்லையென்றால் 587, பூட்டுக்கு ஸ்டார்ட்டிஎல்எஸ். யூசர்நேம் கேட்கும் இடத்தில் முழு மின்னஞ்சல் முகவரி போட வேண்டும், பெயரை மட்டும் அல்ல. யாராவது 25ஐப் போடச் சொல்லியிருந்தால் மறந்துவிடுங்கள், இணைய நிறுவனங்கள் பலவும் அதை எப்போதோ அடைத்துவிட்டன. இதையே இங்கே எத்தனை தடவைதான் எழுதுவது? தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கலாம்.

உபி_கணக்கர் | 10:31
தண்டர்பேர்ட். ஐயா சொன்ன எண்கள்தான் இருக்கின்றன. கணினி வாங்கி இரண்டு வாரம்தான், நேற்றுக் காலை வரைக்கும் ஒழுங்காக வந்தது. ஆன்டிவைரஸை அணைத்துப் பார்த்தேன், பலனில்லை.

தேக்காவாசி | 10:33
பிழைச் செய்தி???

பழைய_மோடம் | 10:40
பாஸ்வேர்டு தப்பு. வேறொன்றும் இல்லை. கேப்ஸ் லாக் பாருங்கள்.

புங்கோல்_அக்கா | 10:47
புது அவுட்லுக்குக்கு மாறிவிடுங்களேன். முகவரியும் பாஸ்வேர்டும் கொடுத்தால் மற்றதை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

தேக்காவாசி | 10:50
அக்கா, அதில் ஐமேப் கணக்கைச் சேர்த்தால் மெயிலின் நகல் மைக்ரோசாஃப்ட் கிளவுடுக்கும் போகும். சேர்க்கும்போதே அது சொல்லும், நாம்தான் படிக்காமல் அழுத்திவிடுவோம். ஆபீஸ் மெயில் என்றால் முதலாளியைக் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. இங்கே கோளாறு அந்தக் கணினியில் இல்லை, மெயிலை வைத்திருந்து கொடுக்கும் சர்வர் பக்கம் என்று தோன்றுகிறது.

பழைய_மோடம் | 11:02
'சர்வர்' என்ன சர்வர்? வழங்கி என்று எழுதக் கை வராதா? 1997இல் இதே சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழ் இணையத்துக்கென்று மாநாடு கூட்டிய காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

புங்கோல்_அக்கா | 11:06
என் மகன் பள்ளியில் 'சேவையகம்' என்று படித்தான். எது சரி?

பழைய_மோடம் | 11:09
சேவையகம் என்றால் ஏதோ சமூக மன்றம் மாதிரி இருக்கிறது. வழங்கிதான்.

ஈசூன்_ஆந்தை | 11:14
அப்படியானால் 'கேப்ஸ் லாக்' மட்டும் என்ன தமிழ், ஐயா?

உபி_கணக்கர் | 11:20
மன்னிக்கவும், முதலாளி கூப்பிட்டுவிட்டார். 'கனெக்‌ஷன் டைம்ட் அவுட்' என்று வருகிறது.

தேக்காவாசி | 11:24
இதைத்தான் ஒன்றரை மணி நேரமாகக் கேட்கிறேன்! பாஸ்வேர்டு தப்பென்றால் சர்வர் உடனே 'முடியாது' என்று பதில் சொல்லும். உங்களுக்குப் பதிலே இல்லை, வாசல் வரைக்கும்கூடப் போகவில்லை. இரண்டு கேள்வி. கைப்பேசி ஆபீஸ் வைஃபையில் இருக்கிறதா, சிம் டேட்டாவிலா? உங்கள் கம்பெனி வெப்சைட் ஆபீஸிலிருந்து திறக்கிறதா?

உபி_கணக்கர் | 11:37
சிம் டேட்டா. வைஃபைக்கு மாற்றினேன், கைப்பேசியிலும் நின்றுவிட்டது! வெப்சைட்டும் நேற்றிலிருந்து திறக்கவில்லை. அது வேறு பிரச்சனை என்று நினைத்து எழுதவில்லை.

தேக்காவாசி | 11:49
ஒரே பிரச்சனைதான். மெயிலும் வெப்சைட்டும் ஒரே ஹோஸ்டிங்கில், அதாவது வாடகைக்கு எடுத்த ஒரே சர்வரில் இருக்கும். தப்பான பாஸ்வேர்டு ஒரே ஐபியிலிருந்து (இணைய முகவரி எண்) திரும்பத் திரும்ப வந்தால், ஃபெயில்டுபேன் (Fail2ban) என்ற மென்பொருள் மாதிரி ஒரு காவல்காரன் அந்த ஐபியையே அடைத்துவிடுவான். ஆபீஸில் எல்லாரும் வெளியே போவது ஒரே ஐபி வழியாக, அதனால் ஒருவர் செய்த தப்புக்கு எல்லாருக்கும் கதவடைப்பு. கொஞ்ச நேரத்தில் தடை தானாக விலகினாலும், தப்பாகத் தட்டுகிறவர் மறுபடி தட்டுவார், மறுபடி அடையும்.

சமீபத்தில் யாராவது பாஸ்வேர்டு மாற்றினார்களா? மாற்றியிருந்தால், பழைய பாஸ்வேர்டு எதில் தங்கியிருக்கிறது என்று தேடுங்கள்: பழைய மடிக்கணினி, முதலாளியின் டேப்லட், ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் ஃபோட்டோகாப்பி மெஷின். அதைச் சரிசெய்துவிட்டு, ஆபீஸின் பொது ஐபியை ஹோஸ்டிங்காரர்களிடம் கொடுத்துத் தடையை எடுக்கச் சொல்லுங்கள். இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் தடையை எடுத்தால் மறுபடியும் மாட்டிக்கொள்வீர்கள்.

பழைய_மோடம் | 12:05
பாஸ்வேர்டு என்று நான் 10:40க்கே சொன்னேன்.

தேக்காவாசி | 12:06
நீங்கள் சொன்னது இவருடைய பாஸ்வேர்டை, ஐயா.

பழைய_மோடம் | 12:08
பாஸ்வேர்டு பாஸ்வேர்டுதான்.

உபி_கணக்கர் | மாலை 4:52
ஃபோட்டோகாப்பி மெஷின்தான்! நேற்றுக் காலை முதலாளி பாஸ்வேர்டு மாற்றியிருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை, எனக்கு மட்டும் மதியம் சொன்னார். டெலிவரி ஆர்டர் ஸ்கேன் செய்ததெல்லாம் பழைய பாஸ்வேர்டோடு போய் முட்டிக்கொண்டிருந்தது. மெஷினை அணைத்துவிட்டு ஹோஸ்டிங்கில் சொன்னோம், திறந்துவிட்டார்கள். மெயில் வருகிறது. நன்றி அண்ணே.

தேக்காவாசி | 4:58
நல்லது. மெஷினில் புது பாஸ்வேர்டு போட்டீர்களா, சும்மா அணைத்துத்தான் வைத்திருக்கிறீர்களா? நாளைக் காலை யாராவது மெஷினைப் போட்டால் திரும்பவும் இதே கதைதான்.

தேக்காவாசி | புதன், காலை 9:15
இருக்கிறீர்களா?

ஈசூன்_ஆந்தை | புதன், 9:31
எதற்கும் அந்த ஆன்டிவைரஸையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.