இரண்டாவது பேரிங் ஏன் தேய்ந்தது?

குழு: நம் குடும்பம்

[சனி, மாலை 4:10] கதிரவன்:
வணக்கம் பெரியப்பா. சித்தி வீட்டு முற்றத்தில் இன்று நம் கார் எஞ்சினை முழுவதுமாகப் பிரித்துவிட்டேன். நீங்கள் சந்தேகப்பட்டபடியே, தட்டும் சத்தம் இரண்டாவது சிலிண்டரில், பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்கிலிருந்துதான் வந்திருக்கிறது. மற்ற மூன்றும் மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்க, இதில் மட்டும் மேற்பூச்சு உரிந்து செம்பு நிறம் தெரிகிறது. படங்களை அனுப்பியிருக்கிறேன். புதிய பேரிங்குகளை இன்றே வாங்கிப் பூட்டிவிடலாமா?

[4:31] பெரியப்பா:
கதிர், படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இப்போதைக்கு எதையும் வாங்காதே. பேரிங் தேய்ந்தது விளைவு. அதைத் தேய வைத்த காரணம் இன்னும் அந்த எஞ்சினுக்குள்தான் இருக்கிறது. நான் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில், ஒரு பேரிங் போய்விட்டால், எண்ணெய் பம்ப்பில் தொடங்கி அந்த பேரிங்கின் துளை வரை எண்ணெய் போகும் வழி முழுவதையும் பார்த்து முடிக்கும் வரை புதியதைக் கையில் எடுக்க விடமாட்டார்கள். முதலில் கிராங்க் ஷாஃப்டின் இரண்டாவது பின்னை, அதாவது ராட் மாட்டும் உருளைப் பகுதியை, துடைத்துவிட்டு, அதன் நீளவாக்கில் விரல் நகத்தை ஓட்டிப் பார். நகம் தடுக்கினால் மெருகேற்றுவது போதாது. பிறகு மைக்ரோமீட்டரால் ஒவ்வொரு பின்னையும் செங்குத்தாக ஒரு முறையும் கிடையாக ஒரு முறையும் அளந்து, எண்களை அப்படியே அனுப்பு. ராட் மூடிகளை ஒன்றோடொன்று மாற்றிவிடாதே; எந்த மூடி எந்த ராடுக்கு, எந்தப் பக்கம் என்று குறித்து வை.

[5:20] கதிரவன்:
நகம் இரண்டு இடங்களில் தடுக்குகிறது, பெரியப்பா. கையேட்டில் பின்னின் அளவு 43.992 முதல் 44.000 மில்லிமீட்டர் வரை என்று இருக்கிறது. ஒன்று, மூன்று, நான்கு ஆகிய பின்கள் மூன்றும் 43.99 காட்டுகின்றன. இரண்டாவது பின் செங்குத்தாக 43.95, கிடையாக 43.97.

[5:26] பெரியப்பா:
அப்படியானால் அந்தப் பின் தேய்ந்ததோடு வட்டமும் கெட்டிருக்கிறது. இதன்மேல் புதிய பேரிங்கைப் போட்டால் இடைவெளி கூடுதலாகவே இருக்கும். எண்ணெய் அங்கே தங்காமல் பக்கவாட்டில் வழிந்துவிடும். ஷாஃப்டைக் கடையக் கொடுத்தே ஆக வேண்டும். இரண்டாவது ராடின் பெரிய முனையில் நீல நிறம் ஏறியிருக்கிறதா? ஏறியிருந்தால் அது கடும் சூட்டைக் கண்டிருக்கிறது. அந்த ராடை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

[5:34] கதிரவன்:
நீலம் இல்லை. பழுப்பு எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது, துடைத்ததும் போய்விட்டது.

[5:40] மலர்விழி:
பெரியப்பா, தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிறேன். நான்கு பேரிங்குகளுக்கும் ஒரே பம்ப்பிலிருந்துதானே எண்ணெய் போகிறது? ஒன்று மட்டும் ஏன் கெட வேண்டும்?

[5:58] பெரியப்பா:
கேட்க வேண்டிய கேள்வி, மலர். எண்ணெய் முதலில் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங்குகளுக்குப் போய், அங்கிருந்து கிராங்க் ஷாஃப்டுக்குள் சாய்வாகத் துளைத்த வழிகள் மூலமாக ஒவ்வொரு ராட் பின்னுக்கும் வருகிறது. ஆகவே இரண்டு வகையில் இது நடந்திருக்கலாம். இரண்டாவது பின்னுக்கு வரும் துளை மட்டும் கசடால் அடைபட்டிருக்கலாம். அல்லது எஞ்சின் முழுவதற்குமே எண்ணெய் போதாமல் போய், நான்கில் எது சற்றே நலிந்திருந்ததோ அது முதலில் விழுந்திருக்கலாம். கதிர், அந்தத் துளையில் மெல்லிய பிரஷை விட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி, அழுத்தக் காற்றால் ஊதிப் பார். அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்பையும் அதன் உறிஞ்சு வலையையும் படமெடுத்து அனுப்பு. எண்ணெயை வடித்தபோது எத்தனை லிட்டர் வந்தது என்பதையும் மறக்காமல் சொல்.

[6:45] கதிரவன்:
துளையில் காற்று தடையில்லாமல் போகிறது. உறிஞ்சு வலையில் மெல்லிய மினுமினுப்பு இருக்கிறது. காந்தத்தில் ஒட்டவில்லை, செம்பு நிறமாக இருக்கிறது. அடைப்பு என்று சொல்லும் அளவுக்குக் கசடு இல்லை. வடித்த எண்ணெய் ஏறக்குறைய 2 லிட்டர்தான், கையேட்டின்படி 3.7 லிட்டர் இருக்க வேண்டும். வெளியே எங்கும் கசிவும் இல்லை.

[6:52] அப்பா:
இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். போன மாதம் மலாக்காவுக்குப் போய்த் திரும்பும் வழியில், விரைவுச்சாலையை விட்டு வளைந்து இறங்கும்போது டாஷ்போர்டில் எண்ணெய் எச்சரிக்கை விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்தது. நேராக ஓட்டியபோது மீண்டும் வராததால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மன்னித்துவிடு, கதிர்.

[7:05] பெரியப்பா:
தம்பி, நீ சொன்னதில்தான் விடை இருக்கிறது. அந்த விளக்கு எண்ணெயின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைத்தான் காட்டுகிறது. எண்ணெய் குறைந்திருந்தால் வளைவில் அது ஒரு பக்கமாக ஒதுங்கும். பம்ப் காற்றை உறிஞ்சும். அந்த ஒரு நொடியில் பேரிங்குக்கும் பின்னுக்கும் நடுவே இருக்க வேண்டிய எண்ணெய்ப் படலம் அறுந்து, உலோகம் உலோகத்தில் உரசிவிடும். இனி மிச்சம் ஒரே கேள்விதான்: கசிவும் இல்லாமல் எண்ணெய் எங்கே போயிற்று? கதிர், நான்கு பிஸ்டன்களிலும் சிலிண்டர் சுவரின் எண்ணெயை வழிக்கும் ஆயில் ரிங்குகளை விரலால் அழுத்திப் பார்.

[7:48] கதிரவன்:
மூன்று பிஸ்டன்களில் ஆயில் ரிங் காடியிலேயே இறுகிக் கிடக்கிறது. பின்னால் இருக்கும் எண்ணெய் திரும்பும் துளைகள் கருங்கரியால் மூடியிருக்கின்றன. ஆனால் பிரிப்பதற்கு முன் சிலிண்டர் அழுத்தச் சோதனை (கம்ப்ரெஷன்) செய்தபோது நான்கு சிலிண்டர்களும் 12 பார் அளவில்தானே காட்டின? அதனால்தான் ரிங்குகள் நலம் என்று நினைத்தேன்.

[8:03] பெரியப்பா:
அந்தச் சோதனை மேலே உள்ள இரண்டு அழுத்த ரிங்குகளையும் வால்வுகளையும் பற்றித்தான் பேசும். சுவரில் படிந்த எண்ணெயை வழித்து இறக்கும் மூன்றாவது ரிங்கைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பலர் ஏமாறும் இடம் இது. ரிங் இறுகியதால் எண்ணெய் மேலேறி எரிந்திருக்கிறது, அளவு குறைந்திருக்கிறது, வளைவில் அழுத்தம் விழுந்திருக்கிறது, பேரிங் தேய்ந்திருக்கிறது. வரிசை இப்போது பொருந்துகிறது.

[8:15] அப்பா:
இத்தனை செலவுக்குப் பதிலாகப் பழைய எஞ்சின் ஒன்றை வாங்கிவிடலாமா? 2017இல் வாகன உரிமைச் சான்றிதழைப் (COE) பத்தாண்டுகளுக்குப் புதுப்பித்த வண்டி இது.

[8:29] பெரியப்பா:
எஞ்சினின் உடலான பிளாக் கெட்டிருந்தால் நானே அதைச் சொல்லியிருப்பேன். கதிர் அனுப்பிய படத்தில் சிலிண்டர் சுவரின் குறுக்குக் கோடுகள் தெளிவாகவே தெரிகின்றன, சுவர் தேயவில்லை. மேலும், எஞ்சின் எண் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவில் இருக்கிறது. வேறு எஞ்சின் வைத்தால் அதைத் தெரிவித்துப் பதிவை மாற்ற வேண்டும். வாங்கும் பழைய எஞ்சினின் ரிங்குகள் எந்த நிலையில் இருக்கும் என்று யார் சொல்ல முடியும்? இதை நாம் கண்ணால் பார்த்துவிட்டோம். இதையே சரிசெய்வோம்.

[8:34] சித்தி:
வேலை நடக்கட்டும், கதிர். வடித்த எண்ணெயை மட்டும் மூடிய கலனில் வைத்துவிடு. முற்றத்தை ஒட்டிய கால்வாயில் ஒரு சொட்டும் இறங்கக் கூடாது; அந்த நீர் நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது.

[8:37] கதிரவன்:
கட்டாயம், சித்தி. கலனை ஏற்கெனவே மூடித் தட்டில் வைத்திருக்கிறேன். பெரியப்பா, திங்கட்கிழமை ஷாஃப்டைக் காக்கி புக்கிட்டில் உள்ள கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோகிறேன்.

[8:50] பெரியப்பா:
போவதற்கு முன், கடைந்து சிறிதான பின்னுக்குப் பொருந்தும் 0.25 மில்லிமீட்டர் குறை அளவு பேரிங் நம் எஞ்சினுக்குக் கிடைக்கிறதா என்று உதிரிபாகக் கடையில் உறுதிசெய்துகொள். கிடைக்காவிட்டால் கடைந்த ஷாஃப்டால் பயனில்லை, வேறு ஷாஃப்டைத்தான் தேட வேண்டும். கிடைத்தால் நான்கு பின்களையும் ஒரே அளவுக்குக் கடையச் சொல். ஆயில் பம்ப்பையும் திறந்து உட்சுவரில் கீறல் இருக்கிறதா என்று பார். அந்தச் செம்புத்தூள் அதன் வழியாகத்தான் போயிருக்கிறது. பிளாக்கின் எண்ணெய் வழிகளை நாளைக் காலை நான் வந்து உன்னோடு சேர்ந்து கழுவுகிறேன். நீண்ட பிரஷ் என்னிடம் இருக்கிறது.

[8:52] கதிரவன்:
சரி, பெரியப்பா. ஒன்பது மணிக்கு உட்லண்ட்ஸ் வந்து உங்களை அழைத்துக்கொள்கிறேன். அக்கா தன் வண்டியைத் தருகிறாள்.