16 வயசு கேஸ் 22 வயசில் வந்து நின்றது: உங்களுக்கும் நடந்ததா?

எழும்பூர் ஜூனியர்:
நான் ஒரு சீனியரிடம் இருக்கும் வக்கீல். பஸ் ஸ்டாப்பில் செல்போன் திருடிய வழக்கு, பையனுக்கு 22 வயது. குற்றம் நிரூபணமாகிவிட்டது. தண்டனை பற்றிப் பேசும்போது அரசுத் தரப்பு ஒரு தாளை நீட்டியது. 16 வயதில் கெல்லீஸில் சிறார் நீதிக் குழுமம் முடித்துவைத்த பைக் திருட்டு. "பழைய குற்றவாளி ஐயா" என்றார்கள்.

கெட்ட பெயரோடு போகிற விஷயம் இல்லை இது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவில், முதல் திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை, குறைந்தபட்சம் கிடையாது. இரண்டாவது முறை தண்டனை என்றால் ஓராண்டுக் கடுங்காவலுக்குக் குறைக்கவே முடியாது, 5 ஆண்டு வரை போகலாம். அந்தத் தாளை முன் தண்டனையாக ஏற்றால் பையன் குறைந்தது ஓராண்டு உள்ளே இருக்க வேண்டி வரலாம்.

சீனியர் 2015 சிறார் நீதிச் சட்டத்தைப் பிரித்தார். 24ஆம் பிரிவுப்படி, சிறுவயதுக் குற்றத்தால் பிற்காலத்தில் எந்தத் தகுதிக் குறைவும் வரக்கூடாது. 74ஆம் பிரிவுப்படி, முடிந்துபோன வழக்கின் விவரத்தைப் போலீஸ் வெளியிடவே கூடாது. நீதிபதி தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏற்கெனவே உள்ளே இருந்த காலத்தையே தண்டனையாக்கினார். ஜெயித்துவிட்டோம், சரி. ஆனால் அந்தத் தாள் அவர்கள் கைக்கு எப்படி வந்தது?

புளியந்தோப்பு அக்கா:
எங்களுக்கு அப்படி வக்கீல் கிடைக்கவில்லை தம்பி. என் தம்பிக்கு 17 வயதில் ஒரு அடிதடி. அதற்கப்புறம் ஏரியாவில் எது நடந்தாலும் முதலில் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். போன தடவை ஜாமீன் கேட்டபோது "முன் வழக்கு உண்டு" என்றார்கள், அவ்வளவுதான். அது எந்த வயதில் நடந்தது என்று யாரும் கேட்கவில்லை.

நங்கநல்லூர், இப்போது கலிபோர்னியா:
இங்கே சிறுவயது வழக்கைப் பிற்காலத் தண்டனையில் கணக்கெடுப்பதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அரசு செலவில் வாதாடும் வக்கீல், அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். 1994இன் 'த்ரீ ஸ்ட்ரைக்ஸ்' சட்டத்தில், 16 வயதுக்கு மேல் செய்த சில கடுமையான குற்றங்களும் ஒரு 'ஸ்ட்ரைக்', அதாவது கணக்கில் ஏறும் முன் குற்றம். பெரியவனான பிறகு இன்னொரு பெரிய குற்றத்தில் மாட்டினால் தண்டனை இரட்டிப்பு. இத்தனைக்கும் சிறார் நீதிமன்றத்தில் ஜூரி (குற்றவாளியா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) தேவையில்லை என்று 1971லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜூரி இல்லாமல் வந்த முடிவை வைத்துத் தண்டனையைக் கூட்டலாமா என்று கேட்டதற்கு, 2009இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 'கூட்டலாம்' என்றது. 2016இல் ஒஹையோ மாநில உச்ச நீதிமன்றம் 'கூடாது' என்றது. எந்த மாநிலத்தில் மாட்டுகிறான் என்பதைப் பொறுத்து வருஷக்கணக்கு மாறுகிறது!

ரிட்டயர்டு ஏட்டு:
ஜூனியர் சாருக்குப் பதில். கொடிய குற்றமாக இல்லாவிட்டால், பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவும் இல்லாவிட்டால், சிறுவர்கள் மீது எஃப்.ஐ.ஆரே போடக்கூடாது, ஸ்டேஷன் டைரியில் குறிப்பு மட்டும் என்பது விதி. அந்தக் குறிப்பை ஒருத்தர் தன் சொந்த நோட்டில் எழுதிக்கொண்டால், அதை எந்த ஆர்டராலும் அழிக்க முடியாது. ஆள் மாறினாலும் நோட்டு கைமாறும். இது தப்புதான். ஆனால் அதே பையன் நாலாவது தடவை வந்து நிற்கும்போது, முகத்தைப் பார்த்து "நீ யாருப்பா" என்று கேட்கவும் என்னால் முடிந்ததில்லை. இன்னொன்று, 16 வயதுக்கு மேல் கொலை மாதிரி வழக்கில் பெரியவனாகவே விசாரித்துத் தீர்ப்பு வந்திருந்தால் அந்த 24ஆம் பிரிவுப் பாதுகாப்பு கிடையாது. அதை யாரும் சொல்லவில்லையே.

எழும்பூர் ஜூனியர்:
ஏட்டய்யா சொன்ன விதிவிலக்கு சரிதான். அக்கா, தம்பியின் கெல்லீஸ் ஆர்டர் வீட்டில் இருக்கிறதா? ஆவணங்களை அழிக்கச் சொல்லி அதில் ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் குழுமத்திலேயே மனு போடலாம். ஆர்டரே தொலைந்திருந்தால் முதலில் நகலுக்கு எழுதிக் கொடுங்கள். அடுத்த ஜாமீன் மனுவில் தம்பியின் பிறப்புச் சான்றிதழையும் சேர்த்து வையுங்கள்.